மூன்று நாளில் திறந்துவிடும்

செலவுக்குப் பணம் ஒதுக்குவதில் வாஷிங்டனில் சண்டை வந்து அரசாங்கத்தை மூடினால் அதை நான் டி.வி.யில் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. என் பஸ்ஸின் உள்கண்ணாடியே சொல்லிவிடும். சூட்லண்ட் ரயில் நிலையத்திலிருந்து காலையில் வண்டியை எடுத்தால் வழக்கமாக மூச்சுவிட இடமிருக்காது. எல்லார் கழுத்திலும் அடையாள அட்டை, எல்லார் கையிலும் காபி, எல்லார் முகத்திலும் தூக்கம். இரண்டாயிரத்துப் பதிமூன்று அக்டோபர் முதல் தேதியும் அப்படித்தான் கூட்டமாகப் போனார்கள். கையெழுத்துப் போட்டு, கணினியை அணைத்து, மேசையைப் பூட்டிவிட்டு வர வேண்டும் என்பது உத்தரவு. பதினோரு மணிக்கு அதே கூட்டம் என் பஸ்ஸிலேயே திரும்பி வந்தது. பாதிப் பேர் மடியில் பூந்தொட்டி. தண்ணீர் ஊற்ற ஆளிருக்காதே என்று மேசைச் செடியைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள்.

என் தம்பி லின்வுட் கையை வீசிக்கொண்டு ஏறினான்.

"உன் செடி எங்கடா?" என்றேன்.

"மூணு நாள்ல திறந்துடும் அக்கா. மூணு நாள்ல எந்தச் செடியும் செத்துடாது."

பின்சீட்டில் இருந்த ஒரு பெண் சிரித்தாள். "அவரே சொல்லிட்டாரு, நான் இதை ஏன் சுமந்துட்டு வர்றேன்!" என்றாள். லின்வுட் அரசாங்கத்தின் புள்ளிவிவர அலுவலகத்தில் இருபத்தெட்டு வருஷமாக இருக்கிறான் என்பது அந்தப் பஸ்ஸில் எல்லாருக்கும் தெரியும். அவன் ஓர் எண்ணைச் சொன்னால் அதை வாங்கிப் பையில் போட்டுக்கொள்ள ஆளிருந்தது. நானும் போட்டுக்கொண்டேன்.

ஆனால் எனக்குக் கவலை செடியைப் பற்றி அல்ல. லின்வுட்டுக்குப் பித்தநாளத்தில் புற்றுநோய். ஜூலையில் கண்டுபிடித்தார்கள். அறுத்தெடுக்க முடியாத இடம். அரசாங்கத்தின் ஆராய்ச்சி மருத்துவமனை ஒன்றில் புதிதாக ஒரு சிகிச்சையைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். நோயாளியின் ரத்தத்திலிருந்தே அணுக்களை எடுத்து, வளர்த்து, திரும்ப உள்ளே ஏற்றுவது. செப்டம்பர் முழுக்க அவனைக் குத்திக் குடைந்து சோதித்துவிட்டு, சேர்த்துக்கொள்கிறோம் என்று சொல்லியிருந்தார்கள். அக்டோபர் மூன்று, வியாழக்கிழமை, படுக்கை தயார். மூடலுக்கு முந்தின நாள் சாயங்காலம் போன் வந்தது. உள்ளே இருக்கிற நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளத்தான் அனுமதி, புதிதாக யாரையும் சேர்க்கக் கூடாது, திறந்ததும் கூப்பிடுகிறோம் என்று ஒரு பெண் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே சொன்னாள். யாரோ செனட்டர்களும் யாரோ உறுப்பினர்களும் முறைத்துக்கொண்டதற்கு என் தம்பியின் படுக்கையை மடித்து வைத்துவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை அவனை எங்கள் ஊர் மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர் பாங்குரா சியரா லியோனிலிருந்து வந்தவர். சுற்றி வளைத்துப் பேசத் தெரியாத மனிதர்.

"திங்கக்கிழமை நான் கீமோ ஆரம்பிக்கலாம்," என்றார். "ஆனா ஒரு சொட்டு உள்ள போனாலும் அவங்க உங்களை அந்தச் சோதனையில சேர்த்துக்க மாட்டாங்க. அது அவங்க விதி. இதுவா அதுவான்னு நீங்கதான் சொல்லணும்."

"எவ்வளவு நாள் காத்திருக்கலாம் டாக்டர்?" என்று கேட்டேன்.

"ஒரு வாரம்னா எனக்குப் பிடிக்காது. ரெண்டு வாரம்னா சம்மதிக்கவே மாட்டேன். கல்லீரல் கெட ஆரம்பிச்சா அந்தக் கதவும் கிடையாது, இந்தக் கதவும் கிடையாது."

லின்வுட் நிமிர்ந்து உட்கார்ந்தான். கணக்குப் பேசும்போது அவனுக்கு ஒரு தனி முதுகு வந்துவிடும்.

"எழுபத்தாறுலேருந்து இந்த மாதிரி பதினேழு தடவை நடந்திருக்கு. சின்னதுலேருந்து பெருசு வரைக்கும் வரிசையா வெச்சா நடுவுல நிக்கிறது மூணு நாள். அதனால நான் காத்திருக்கேன்."

டாக்டர் பாங்குரா சுவர் நாட்காட்டியைப் பார்த்தார். ஏதோ கேட்க வாயெடுத்துவிட்டு மூடிக்கொண்டார். "ஒரு வாரத்துல வாங்க," என்று மட்டும் சொன்னார்.

மனைவி இமொஜீன் இறந்துபோனபிறகு லின்வுட் என் வீட்டுக் கீழ்த்தளத்தில்தான் இருக்கிறான். பில் கட்டுவது, வரி எழுதுவது, கூரைக்கு எத்தனை வருஷம் ஆயுள் என்பது எல்லாம் அவன் சொல்வதுதான் எங்கள் வீட்டில் சட்டம். நான் வண்டி ஓட்டுவேன், அவன் கணக்குப் பார்ப்பான். அப்படியே பழகிவிட்டது.

மறுநாள் சனிக்கிழமை பர்னெல் வந்தான். லின்வுட்டிடம் வேலை பழகி மேலே வந்தவன், இப்போது அடுத்த மேசைக்காரன். ஒரு பெரிய பையில் வேகவைத்த நீல நண்டுகளைத் தூக்கிக்கொண்டு வந்தான். அக்டோபர் நண்டுக்கு ஈடு கிடையாது, சதை பிதுங்கிக்கொண்டு இருக்கும்.

"மிஸ் ஒலீட்டா, உங்க வீட்டுல அவசியமில்லாத ஆளு ஒருத்தனுக்குச் சோறு கிடைக்குமா?"

"அவசியமில்லாதவன் நண்டு கொண்டுவந்தா அவசியமானவன் ஆயிடுவான். உள்ள வா."

அரசாங்கம் மூடினால் ஆட்களை இரண்டாகப் பிரிப்பார்கள், அவசியமானவர், மற்றவர் என்று. எங்கள் பக்கத்தில் அந்த வாரம் முழுக்க இதை வைத்துத்தான் கிண்டல். மாமியார்கள் மருமகன்களைக் குத்தினார்கள், பிள்ளைகள் அப்பாக்களைக் குத்தினார்கள்.

பின்கட்டு மேசையில் செய்தித்தாளை விரித்து, மரச் சுத்தியலால் தட்டித் தட்டித் தின்றோம். தின்றோம் என்றால் பர்னெலும் நானும். லின்வுட்டுக்கு மணம்கூட ஒத்துக்கொள்ளவில்லை. எங்கள் இருவர் தட்டிலிருந்தும் காலியான கால்களைப் பொறுக்கிச் செய்தித்தாளில் வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தான். ஒரு வாரத்துக்குள் முடிந்த மூடல்களுக்குச் சின்னக் கால். ஒரு வாரம் தாண்டியவற்றுக்குப் பெரிய கால். தொண்ணூற்றைந்து கிறிஸ்துமஸ் சமயத்தில் மூன்று வாரம் மூடினார்களே, அதற்கு ஒரு முழுக் கொடுக்கு.

"பாரு பர்னெல், பதினேழு. நடுவுல இது. மூணு நாள். சராசரி எடுத்தாக்கூட ஆறரையைத் தாண்டாது. எண்பதுகள்ல வருஷா வருஷம் மூடினாங்க, ஒண்ணாவது நாலு நாளைப் பார்த்திருக்கா?"

பர்னெல் விரலைத் துடைத்துக்கொண்டான். அவன் முகத்தில் கிண்டல் இல்லை.

"இந்த ஆறும் எழுபதுகள்ல நடந்தது," என்று சொல்லிப் பெரிய கால்கள் ஆறையும் செய்தித்தாளை விட்டுத் தள்ளி வைத்தான். "பணம் ஒதுக்கலை, வாஸ்தவம். ஆனா ஒரு ஆளைக்கூட வீட்டுக்கு அனுப்பலை. விளக்கெரிஞ்சுது, எல்லாரும் வேலை பார்த்தாங்க. எங்கப்பா அப்ப சர்வீஸ்ல இருந்தாரு, அவருக்கே இப்படி ஒண்ணு நடந்தது தெரியாது. அதைப் போய் மூடல்னு எண்ணுவியா?"

"அட்டவணையில இருக்கு."

"அட்டவணை போட்டவனுக்குப் பொழுது போகலை. சரி, இந்தச் சின்னக் காலெல்லாம்? வெள்ளிக்கிழமை ராத்திரி மூடி திங்கக்கிழமை திறந்தாங்க. எவன் கவனிச்சான்? தொண்ணூத்தாறுக்கப்புறம் பதினேழு வருஷம் ஒண்ணுமே இல்லை. ரெண்டு வருஷத்துக்கு ஒண்ணுன்னு சராசரி சொல்லலாம், ஆனா அது அப்படி வரலை. மிஸ் ஒலீட்டாவோட பஸ் மாதிரி. ஒரு மணி நேரம் ஒண்ணையும் காணோம், அப்புறம் மூணு சேர்ந்தாப்ல வருது."

"என் பஸ்ஸை ஏண்டா இழுக்கிற? சுத்தியல் என் கையிலதான் இருக்கு," என்றேன்.

பர்னெல் சிரிக்கவில்லை. "லின்வுட், இன்னிக்கு அஞ்சாவது நாள். அஞ்சு நாளுக்குள்ள முடிஞ்சதை எல்லாம் இனிமே எண்ணி என்ன பண்றது? அதுல ஒண்ணா இது இருக்க வாய்ப்பே இல்லையே." சின்னக் கால்களை எல்லாம் கைவிளிம்பால் ஒரே தள்ளாகத் தள்ளினான். சில தரையில் விழுந்தன. "மிச்சம் என்ன?"

செய்தித்தாளில் அந்தக் கொடுக்கு மட்டும் இருந்தது.

"ஒண்ணை வெச்சு எவனாவது கணக்குப் போடுவானா?" என்றான் லின்வுட்.

"சரி, எழுபதுகளையும் திருப்பி வை. அப்பவும் மிச்சம் ஏழு. அந்த ஏழுல ஒண்ணுகூட எட்டு நாளுக்குக் குறைஞ்சது இல்லை. எந்த வழியா எண்ணினாலும் நாளைக்குத் திறக்கும்னு வரலைப்பா. திங்கக்கிழமை போய் மருந்தை ஏத்திக்கோ. கெஞ்சிக் கேக்கறேன்."

"உன்னை யாரு கேட்டா?"

"லின்வுட்..."

"என் உடம்பை வெச்சு எனக்கே பாடம் எடுக்கறியா? எழுந்திரு. என் வீட்டை விட்டுப் போ."

வீடு என்னுடையது. ஆனால் அதைச் சொல்லுகிற நேரமா அது? பர்னெல் எழுந்து, மீதி நண்டை எனக்கே விட்டுவிட்டு, வாசல்வரை நடந்தான். கதவருகே நின்று தணிந்த குரலில் சொன்னான்: "மிஸ் ஒலீட்டா, நான் இப்பச் சொன்னது முதல் வருஷப் பாடம். அதை எனக்குச் சொல்லிக் கொடுத்ததே அவன்தான். எனக்கு ஒண்ணும் புரியலை."

எனக்கு மட்டும் என்ன புரிந்தது? நோய் மூளையையும் தின்கிறதோ என்று பயந்தேன். படித்தவன் தடுமாறுகிறான், பாவம் என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாஸ்டர், வேலையிலிருந்து வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களை எழுந்து நிற்கச் சொன்னார். பாதி சர்ச் எழுந்தது. லின்வுட் எழவில்லை. எழ முடியவில்லையா, எழ மனமில்லையா, நான் கேட்கவில்லை. பக்கத்து வரிசைப் பெண் அவன் தோளைத் தட்டி, "இந்த வாரம் திறந்துடுவாங்க பிரதர்," என்றாள். அவனும் "சராசரிப்படி இன்னிக்கோ நாளைக்கோ," என்றான். மூன்று நாள் என்றவன் சராசரிக்குத் தாவிவிட்டான். சராசரியும் தாண்டியதும், அரசாங்கம் கடன் வாங்கும் வரம்பு பதினேழாம் தேதி முட்டுகிறது, அதற்கு முன்னால் முடித்தே ஆக வேண்டும், அதனால் இனி பழைய எண்ணே எடுபடாது என்று ஆரம்பித்தான். ஒவ்வொரு நாளும் ஒரு புது அளவுகோல். ஒவ்வொன்றும் நாளைக்கு என்றே காட்டியது.

ஆராய்ச்சி மருத்துவமனைக்குத் தினமும் போன் போட்டான். பதிவுசெய்த குரல் ஒன்று, நிதி ஒதுக்கீடு இல்லாததால் உங்கள் அழைப்பை ஏற்க இயலாது என்று மரியாதையாகச் சொன்னது. அங்கே அவனைப் பார்த்த டாக்டர் ஹல்வர்சனுக்கு மின்னஞ்சல் எழுதினான். பதில் நொடியில் வந்தது, அதுவும் இயந்திரம் எழுதிய அதே வாக்கியம். பஸ் கண்ணாடியில் காலி இருக்கைகள் ஆடிக்கொண்டு வந்தன. காவலாளிகளும் துப்புரவுக்காரர்களும் மட்டும் ஏறினார்கள். நான் ஒருத்தியாக ஓட்டிக்கொண்டே வாஷிங்டன் பக்கம் திரும்பி, வாயில் வந்ததையெல்லாம் திட்டினேன். என் பேச்சைக் கேட்டு ஒரு காவலாளி, "மைக் ஆன்ல இருக்கும்மா," என்றார். இருக்கட்டும் என்றேன்.

இரண்டாவது வாரம் செவ்வாய்க்கிழமை காலை அவன் கண்ணைப் பார்த்தேன். வெள்ளை விழி மஞ்சளாகியிருந்தது.

"போதும்டா. வியாழக்கிழமை பாங்குராகிட்ட போறோம். நீ வரலைன்னா உன்னைத் தோள்ல தூக்கிட்டுப் போவேன். தெரியும்ல?"

"தெரியும்," என்றான். எதிர்த்துப் பேசவில்லை. அவனே போன் செய்து நேரம் வாங்கினான். அந்த இரண்டு ராத்திரியும் நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

வியாழக்கிழமை விடுப்புப் போட்டு அவனைக் காரில் ஏற்றினேன். மருத்துவமனை வண்டி நிறுத்தத்தில் நிறுத்திவிட்டு, சக்கர நாற்காலி எடுத்துவரலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். வானொலி ஓடிக்கொண்டிருந்தது. தலைவர்கள் வெள்ளை மாளிகைக்குப் போயிருக்கிறார்கள், உடன்பாடு நெருங்கிவிட்டது, ஓரிரு நாளில் முடியும் என்று ஒருவன் கல்யாணச் செய்தி சொல்வதுபோலச் சொன்னான்.

லின்வுட் இருக்கைப் பட்டையைக் கழற்றவே இல்லை.

"கேட்டியா அக்கா? ஓரிரு நாள்."

"கேட்டேன். இறங்கு."

"இன்னிக்கு மருந்தை ஏத்திட்டு நாளைக்கு அவங்க திறந்தா? அப்புறம் நான் எங்க போய் முட்டிக்கிறது?"

"ஏண்டா, அவன் இதையே பத்து நாளா சொல்றான்! இறங்குடா! உன் கண்ணைக் கண்ணாடியில பாரு! எலுமிச்சம்பழம் மாதிரி இருக்கு!"

"ஒரே ஒரு நாள். வெள்ளிக்கிழமை திறக்கலைன்னா திங்கக்கிழமை நானே நடந்து வர்றேன்."

கத்தினேன். கெஞ்சினேன். அம்மா பேரைச் சொன்னேன், இமொஜீன் பேரைச் சொன்னேன். அந்தப் பேரைக் கேட்டதும் அவன் முகம் கல்லாகிவிட்டது. சாவியைக் கேட்டான், தானே ஓட்டிக்கொண்டு போவதாக. ஐம்பத்துநாலு வயது ஆணை எப்படித் தூக்கிக்கொண்டு போவது? தோளில் தூக்குவேன் என்று சொன்னதெல்லாம் பேச்சோடு சரி. வண்டியைத் திருப்பினேன். உள்ளே டாக்டர் பாங்குரா எங்கள் பெயரைக் கூப்பிட்டிருப்பார்.

வெள்ளிக்கிழமை திறக்கவில்லை. திங்கட்கிழமை அவனுக்குக் காய்ச்சல். நடந்து வருகிறேன் என்றவனை அவசரப் பிரிவுக்கு ஆம்புலன்ஸில் கொண்டுபோனோம். பித்தநாளம் அடைத்துக்கொண்டது, குழாய் வைத்துப் பித்தநீரை இறக்கினார்கள், இரண்டு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். இந்த நிலையில் கீமோ கொடுத்தால் கொன்றுவிடும் என்று டாக்டர் பாங்குரா என்னிடம் தனியாகச் சொன்னார். அவர் குரலில் கோபம் இருந்திருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

பதினேழாம் தேதி திறந்தார்கள். காலையில் என் பஸ் நிரம்பி வழிந்தது. செடிகளெல்லாம் திரும்பிப் போயின. ஒருவருக்கொருவர் கைகுலுக்கிக்கொண்டார்கள். மூடியிருந்த நாட்களுக்கும் சம்பளம் உண்டு என்று சொல்லிவிட்டார்களே, யாருக்கும் ஒரு நாள்கூடக் குறையாது. பதினாறு நாள்தானே, எப்படியோ ஓடிப்போச்சு என்றாள் ஒருத்தி. வண்டியை நடுரோட்டில் நிறுத்தி அத்தனை பேரையும் இறக்கிவிட வேண்டும்போல இருந்தது எனக்கு.

அன்று மத்தியானமே ஆராய்ச்சி மருத்துவமனையிலிருந்து போன். திங்கட்கிழமை படுக்கை தயார். லின்வுட் சவரம் செய்துகொண்டு, தொளதொளத்த கோட்டு மாட்டிக்கொண்டு கிளம்பினான். ரத்தம் எடுத்தார்கள். இரண்டு மணி நேரம் உட்கார வைத்தார்கள். பிறகு டாக்டர் ஹல்வர்சன் வந்தார். சின்ன வயதுப் பெண். அவர் கதவைச் சாத்திய விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

"மிஸ்டர் லின்வுட், உங்க கல்லீரல் எங்க வரம்பைத் தாண்டிப் போயிடுச்சு. இந்த நிலையில அணுக்களை ஏத்தினா தாங்காது. நான் மூணு பேரைக் கேட்டுட்டேன். முடியலை."

"செப்டம்பர்ல சரியா இருந்துச்சே," என்றேன் நான். யாரிடமாவது சொல்லியாக வேண்டியிருந்தது.

"இருந்துச்சு. மூணாம் தேதி வந்திருந்தா..." யாரும் கேட்காமலே சொன்னார். "நான் இங்கேருந்து பத்து நிமிஷ தூரத்துலதான் இருக்கேன். வீட்டுலதான் உக்காந்திருந்தேன். ஆபீஸ் போனைத் தொடக் கூடாது, மெயிலைத் திறக்கக் கூடாது, சம்பளமில்லாம சும்மா வேலை பார்த்தாலும் சட்டப்படி குத்தம்னு எழுதிக் கையெழுத்து வாங்கிட்டாங்க. உங்க மெயில் எல்லாத்தையும் வியாழக்கிழமை காலையிலதான் ஒண்ணா பார்த்தேன்."

அழுதார். டாக்டர் அழுது நான் பார்த்ததில்லை. அவரைத் திட்டுவதற்காக நெஞ்சில் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் அப்படியே நின்றுவிட்டது.

லின்வுட் அவரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டான். "என்னைப் போல எத்தனை பேரு டாக்டர், இந்தப் பதினாறு நாள்ல?"

"தெரியலை. கூப்பிட்டவங்க பேரு இருக்கு. கூப்பிடாம வேற எங்கயோ போனவங்க, காத்திருந்தவங்க, அவங்களை யாரும் எண்ணலை."

அவன் தலையாட்டினான். எழுந்து அவருக்குக் கை கொடுத்தான்.

திரும்பி வரும்போது சுற்றுச்சாலையில் நெரிசல். அரசாங்கம் திறந்துவிட்டதற்கு அதுவும் ஓர் அடையாளம். நான் மறுபடியும் ஆரம்பித்தேன். வாஷிங்டன் சபைக் கட்டடத்தில் குந்தியிருக்கிறவன்கள், அவன்கள் பெண்டாட்டிக்கு வந்தால் இப்படி மூடுவான்களா, அவன்கள் படுக்கையை மடிப்பான்களா என்று. வழக்கமாக என் வசவுக்கு நடுவில் அவன் திருத்தம் சொல்லுவான். அன்று முன்னால் நின்ற வண்டிகளின் எண்களைப் பார்த்துக்கொண்டு வந்தான்.

"பர்னெல் சொன்னது சரி அக்கா," என்றான் திடீரென்று.

"இப்பச் சொல்லி?"

"அப்பவே தெரியும். நண்டு தின்னதுக்கு முந்தின நாளே தெரியும். பாங்குராகிட்ட மூணு நாள்னு சொன்னேன்ல? அன்னிக்கு நாலாவது நாள்."

கண்ணாடி பார்த்து, ஓரத்துப் பாதைக்கு வந்து, மெதுவாக ஓட்டினேன்.

"அப்புறம் ஏண்டா?"

"இமொஜீனுக்கு ஏத்தினாங்களே அதே கீமோ மருந்து. பதினோரு வாரம். கடைசியில என்னைப் பார்த்து, இந்த ஆளை வெளிய அனுப்புங்கன்னு நர்ஸ்கிட்ட சொன்னா. நான்தான் அவளைச் சம்மதிக்க வெச்சேன் அக்கா. சதவீதம் எல்லாம் சொல்லி." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். "எனக்குப் பயம். அவ்வளவுதான். பயமா இருக்குன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு. மூணு நாள்னு சொன்னா யாரும் எதிர்த்துக் கேக்க மாட்டீங்கன்னு தெரியும்."

பதினாறு நாளாக யாரைத் திட்டினேன், யாருக்காகத் திட்டினேன்? ஒரு கணம் அவனை அடிக்க வேண்டும் என்றுகூட இருந்தது. பிறகு அவன் கையைப் பார்த்தேன். தோல் மட்டும் இருந்தது, ரத்தம் எடுத்த இடத்தில் பஞ்சு. அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"இங்க பாரு," என்றேன். "பயப்படறது தப்பில்லை. மூணாம் தேதி அந்தக் கதவு திறந்திருந்தா, உன் பயத்தோடயே உன்னை உள்ள தள்ளியிருப்பேன். நீ பயப்படறதுக்கு நேரமே இருந்திருக்காது. நான் அவங்களைத்தான் திட்டுவேன். சாகற வரைக்கும் அவங்களைத்தான் திட்டுவேன். புரியுதா?"

"புரியுது."

"அழாத."

"நீதான் அழற."

வாஸ்தவம்தான். புறங்கையால் துடைத்துக்கொண்டு வானொலியைப் போட்டேன், வேறு சத்தம் வேண்டியிருந்தது. இப்போது ஒதுக்கியிருக்கும் பணம் ஜனவரி பதினைந்து வரைக்கும்தான், அதற்குள் உடன்படாவிட்டால் மறுபடியும் மூடல் என்று படித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் வீட்டில் இந்த மாதிரிக் கேள்வி எது வந்தாலும் போவது ஒரே ஆளிடம். பழக்க தோஷம், யோசிக்காமல் கேட்டுவிட்டேன்.

"மறுபடி மூடுவாங்களாடா?"

அவன் கொஞ்ச நேரம் உண்மையாகவே யோசித்தான். உதடு அசைந்தது, ஏதோ எண்ணுவதுபோல. பிறகு நிறுத்திவிட்டான்.

"ஜனவரிக் கணக்கைப் பர்னெல்கிட்ட கேளு அக்கா," என்றான். "எனக்கு அது வேண்டியிருக்காது."

வானொலியை அணைத்தேன். முன்னால் வண்டிகள் நகர ஆரம்பித்திருந்தன, பின்னால் யாரோ ஹாரன் அடித்தார்கள்.